செயலி உருவகப்படுத்தலில் ஓட்டநேரத்தை எங்கே வெட்டுவது?

கிளிநொச்சி இறுதியாண்டு: அறிவியல் நகர் பொறியியல் பீடத்தில், இரண்டாம் மட்டப் பதுக்கு நினைவகம் (செயலியின் ‘கேஷ்’) நிரம்பியதும் எந்தத் தரவை வெளியேற்றுவது என்பதற்கான இரண்டு கொள்கைகளை ஜெம்5 என்ற செயலி உருவகப்படுத்தும் மென்பொருளைக் கொண்டு ஒப்பிடுகிறேன். ஸ்பெக் சிபியு 2017 என்ற சோதனை நிரல் தொகுப்பின் முழு உள்ளீட்டில் ஒரு நிரல் இலட்சம் கோடி அறிவுறுத்தல்களைத் தாண்டுவது சாதாரணம். செயலியின் உட்செயல்களைப் படிப்படியாகப் பின்பற்றும் விரிவான முறையில் செக்கனுக்கு இரண்டு இலட்சம் அறிவுறுத்தல்கள் என்று கொண்டாலும் ஓர் ஓட்டத்துக்கு 58 நாட்கள் ஆகும். எதைக் குறைக்கலாம்?

மாங்குளம் சந்தி: தங்கச்சி, அந்தத் தொகுப்புடனேயே ‘டெஸ்ட்’, ‘ட்ரெயின்’ என்ற சிறிய உள்ளீடுகளும் வருகின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள். இல்லையேல் முதல் 100 கோடி அறிவுறுத்தல்களை மட்டும் ஓட்டுங்கள். இரண்டு கொள்கைகளையும் ஒரே நிலையில் வைத்துத்தான் ஒப்பிடுகிறீர்கள் என்பதால், பிழை இரு பக்கமும் சமமாகவே இருக்கும்.

கனகராயன்: இதை நான் வன்மையாக மறுக்கிறேன். முதல் 100 கோடியில் பல நிரல்கள் உள்ளீட்டைப் படித்துத் தரவமைப்புகளைக் கட்டிக்கொண்டுதான் இருக்கும். வாய்க்கால் ஓரத்தில் மட்டும் வெட்டிப் பார்த்து முழு வயலின் விளைச்சலைச் சொல்வதற்கு இது ஒப்பாகும். சிறிய உள்ளீடு இன்னும் ஆபத்தானது. அந்தத் தொகுப்பிலுள்ள எம்சிஎஃப் போன்ற நிரல் நினைவகமெங்கும் அலைவதனால்தான் அது சோதனைக்கு ஏற்றது. உள்ளீட்டைச் சுருக்கினால் தரவின் பெரும்பகுதி பதுக்கு நினைவகத்துக்குள் அடங்கி, வெளியேற்றும் தேவையே அருகிவிடும். அப்போது இரு கொள்கைகளும் ஒன்றுபோலவே தெரியும். பிழை சமமாகிவிட்டது என்று அதற்குப் பொருளல்ல. ஒப்பிட வேண்டிய வேறுபாடே அழிந்துவிட்டது. 2005இல் ஹெச்பிசிஏ என்ற கணினிக் கட்டமைப்பு மாநாட்டில் வெளியான ஒப்பீடும், சுருக்கிய உள்ளீடும் இடையில் வெட்டிய ஓட்டமும் துல்லியத்தில் பின்தங்கியவை என்றும், மாதிரி எடுக்கும் முறைகளே நம்பத்தக்கவை என்றும் காட்டியது.

2002இல் வந்த சிம்பாயின்ட் முறையையே பரிந்துரைக்கிறேன். நிரலை இடைவெளிகளாகப் பிரித்து, ஒவ்வோர் இடைவெளியிலும் எந்தக் குறிமுறைத் துண்டு எத்தனை தடவை ஓடியது என்று கணக்கெடுத்து, ஒத்தவற்றைக் குழுக்களாக்கி, குழுவுக்கு ஒன்றை மட்டும் (இதுவே ‘புள்ளி’) குழுவின் அளவுக்கேற்ப எடைபோட்டு விரிவாக ஓட்டுவதே அது.

மாங்குளம் சந்தி: அந்தக் கணக்கை எடுப்பதற்கு நிரலை ஒருமுறை முழுதாக ஓட்ட வேண்டுமே? ஒரு தவணைக்குள் முடிக்க வேண்டிய மாணவிக்கு, அதுவும் மின்சாரம் நினைத்த நேரத்தில் போகும் ஆய்வுகூடத்தில், இந்தச் சுமை தேவைதானா?

கனகராயன்: அது ஒரே ஒருமுறை செய்யும் செலவு. வால்கிரைண்ட் போன்ற கருவியில் எடுத்தால் விரிவான உருவகப்படுத்தலின் நேரம் அதற்குத் தேவைப்படாது. குறிமுறையின் ஓட்டத்தை மட்டும் பார்த்தே புள்ளிகள் தெரிவுசெய்யப்படுவதால், செயலியின் வடிவமைப்பை மாற்றினாலும் அதே புள்ளிகள் செல்லும். ஒவ்வொரு புள்ளிக்கும் செக்பாயின்ட் (அந்த இடத்தில் நிரல் இருந்த நிலையின் சேமிப்பு) எடுத்துவிட்டால், அவற்றைப் பல கணினிகளில் ஒரே நேரத்தில் ஓட்டலாம். மின்சாரம் போனாலும் அப்போது ஓடிக்கொண்டிருந்த துண்டுகள் மட்டுமே வீணாகும்.

ஒட்டுசுட்டான்: கனகராயன் அண்ணா முக்கியமான ஒன்றைத் தாண்டிச் செல்கிறார். ஜெம்5இன் வழமையான நினைவக அமைப்பில் செக்பாயின்டிலிருந்து தொடங்கும்போது பதுக்கு நினைவகம் வெறுமையாக இருக்கும். 2 மெகாபைட் கொள்ளளவும் 64 பைட் வரிகளும் (தரவை ஏற்றும் அலகுகள்) என்றால் 32,768 வரிகள். ஆயிரம் அறிவுறுத்தல்களுக்கு ஒரு தவறல் (தேடிய தரவு பதுக்கு நினைவகத்தில் இல்லாமை) என்று வைத்தால் அது நிரம்புவதற்கே ஏறத்தாழ 3.3 கோடி அறிவுறுத்தல்கள் வேண்டும். ஒரு கோடி நீளமுள்ள இடைவெளியை எடுத்தால், வெளியேற்றும் கொள்கை ஏறக்குறைய வேலையே செய்யாமல் சோதனை முடிந்துவிடும்! இந்த ஆய்வுக்கு 2003இல் வந்த ஸ்மார்ட்ஸ் முறையே பொருத்தம். அது ஆயிரம் அறிவுறுத்தல் அளவிலான சிறு அலகுகளைச் சீரான இடைவெளியில் அளந்து, இடையில் பதுக்கு நினைவகத்தை எளிய முறையில் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே போகிறது. மாதிரியெடுப்பால் வரும் பிழையின் எல்லையையும் புள்ளியியல்படி சொல்லலாம். சிம்பாயின்டில் அப்படி ஓர் எல்லை தானாக வராது.

கனகராயன்: எல்லை கிடைப்பது உண்மையான நன்மைதான். ஆனால் அந்தத் தொடர்ச்சியான புதுப்பித்தலுக்காக, கொள்கையை மாற்றும் ஒவ்வொரு தடவையும் நிரல் முழுவதையும் கடந்தாக வேண்டும். இந்த மாணவியின் நேரத்தை விழுங்கப்போவது அதுவே. புள்ளிக்கு 10 கோடி அறிவுறுத்தல்கள் முன்பாகவே செக்பாயின்டை எடுத்து, அந்தத் தூரத்தைப் பதுக்கு நினைவகத்தை நிரப்புவதற்கு மட்டும் ஓட்டிவிட்டு, அதன் பின்னர் அளக்கத் தொடங்குங்கள் தங்கச்சி. பிறகு 20 கோடி முன்பிருந்தும் ஓட்டி, தவறல் வீதம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் 10 கோடி போதவில்லை.

ஒட்டுசுட்டான்: அந்தச் சோதனையை எல்லா நிரல்களுக்கும் செய்ய வேண்டும். எம்சிஎஃபில் சரியாக வந்த தூரம் மற்றவற்றுக்கும் சரிவரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.