மாத்திரையில் சரியாக வரும் சிப்ரோஃப்ளாக்சசின் பிளாஸ்மாவில் ஏன் குறைகிறது?

பார்மா_மாணவி (கேள்வி):
வணக்கம். ஃப்ளூரிமீட்டரில் (ஒளிர்வை அளக்கும் கருவி) சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை அளக்கிறேன். எக்சைட்டேஷன் (தூண்டும் ஒளி) 278, எமிஷன் (மருந்து வெளிவிடும் ஒளி) 445 நானோமீட்டர். ஸ்டாண்டர்டுகள் (செறிவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்கள்) எல்லாம் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில். மாத்திரையைப் பொடித்துக் கரைத்து வடிகட்டினால் ரெக்கவரி (இருக்க வேண்டிய மருந்தில் அளவீட்டில் கிடைப்பது) 99 சதவீதம். ஆனால் வெற்றுப் பிளாஸ்மாவில் (மருந்து இல்லாத இரத்தத்தின் திரவப் பகுதி) மருந்தைச் சேர்த்து, புரதத்தை வீழ்த்த சம அளவு அசிட்டோநைட்ரைல் விட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே நிற்கும் தெளிவை அளந்தால் 60 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. நீர்த்ததையும் பிளாங்க்கையும் (மருந்து சேர்க்காத பிளாஸ்மாவின் ரீடிங்) கணக்கில் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிளாங்க்கும் ரொம்ப அதிகம். மருந்து புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அடியில் போய்விடுகிறதா?

கார்முகில்:
அதை உடனே முடிவு செய்யாதீர்கள். இந்த மருந்து புரதத்தோடு பிணைவது சுமார் 20 முதல் 40 சதவீதம்தான். அசிட்டோநைட்ரைல் பட்டுப் புரதம் உருக்குலையும்போது அதில் பெரும்பகுதி விடுபட்டுவிடும்.

மருந்து தொலைகிறதா, இருந்தும் ஒளிராமல் இருக்கிறதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஒரு குழாயில் புரதத்தை வீழ்த்துவதற்கு முன் மருந்தைச் சேருங்கள். இன்னொன்றில் வெற்றுப் பிளாஸ்மாவை வீழ்த்தி எடுத்த தெளிவில் சேருங்கள். மூன்றாவது, அதே செறிவில் அமில ஸ்டாண்டர்டு. முதல் இரண்டும் ஒன்றுபோல் வந்து மூன்றாவதைவிடக் குறைந்தால், பிரித்தெடுப்பில் பழுதில்லை; அளக்கும் திரவம்தான் ஒளிர்வை அடக்குகிறது.

நீலவானம்:
பிளாங்க் பற்றி ஒன்று. 278-இல் தூண்டினால் டிரிப்டோஃபான் (புரதங்களில் உள்ள, ஒளிரும் அமினோ அமிலம்) உள்ள எல்லாமே விழித்துக்கொள்ளும். அதன் உச்சம் 350 அருகில் என்றாலும் வால் 445 வரை நீளும். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு 330 பக்கத்திலும் உறிஞ்சல் உண்டு. கொஞ்சம் வலுக்குறைவுதான், ஆனால் புரதம் அங்கே உறிஞ்சாது. அங்கே தூண்டிப் பாருங்கள். அசிட்டோநைட்ரைலும் சம அளவு போதாது, பிளாஸ்மாவைப் போல் மூன்று மடங்கு விடுங்கள்.

பார்மா_மாணவி:
இருவருக்கும் நன்றி. முதல் இரண்டு குழாயும் கிட்டத்தட்ட ஒரே ரீடிங். அமில ஸ்டாண்டர்டு மட்டும் உயரத்தில் நிற்கிறது. 330-க்கு மாற்றி, அசிட்டோநைட்ரைலைக் கூட்டியதும் பிளாங்க் நன்றாக இறங்கிவிட்டது. ரெக்கவரி ஏறியது, ஆனால் இன்னும் நூறை நெருங்கவில்லை.

கார்முகில்:
சரி, அப்போது மருந்து பத்திரமாக இருக்கிறது. ரெக்கவரி ஏறியதற்கும் காரணம் உண்டு: பிளாஸ்மாவில் மிஞ்சிய பொருட்கள் 278 ஒளியை மருந்துக்குப் போகுமுன்பே விழுங்கியிருக்கும். மீதிக் குறை கரைப்பானால் வரலாம். ஸ்டாண்டர்டு அமிலத்தில், சாம்பிள் பாதிக்கு மேல் அசிட்டோநைட்ரைலில். கரைப்பானும் அமிலத்தன்மையும் மாறினால் இந்த மருந்தின் ஒளிர்வும் மாறும். தெளிவை நைட்ரஜனில் உலர்த்தி, அதே நீர்த்த அமிலத்தில் கரைத்து அளங்கள்.

அப்புறம், கேலிப்ரேஷன் கோட்டையே (ரீடிங்கைச் செறிவாக மாற்ற ஸ்டாண்டர்டுகளை வைத்துப் போடும் கோடு) வெற்றுப் பிளாஸ்மாவில் போடுங்கள். ஒவ்வொரு ஸ்டாண்டர்டும் சாம்பிள் போகும் பாதை முழுவதும் போகட்டும். இதை மட்டும் தவிர்க்கவே கூடாது. 500 மில்லிகிராம் மாத்திரைக்குப் பிறகு பிளாஸ்மா உச்சம் மில்லிலிட்டருக்கு 2.4 மைக்ரோகிராம் அளவு, 12 மணி நேரத்தில் 0.2 அளவுக்கு இறங்கும். கோடு அந்த இரண்டையும் தாராளமாக உள்ளடக்க வேண்டும்.

நீலவானம்:
நோயாளிகளின் சாம்பிள் எடுக்கப் போகிறீர்கள் என்றால் இன்னொன்று. மருந்தின் வளர்சிதைப் பொருட்களும் ஒளிரும், நேரடி அளவீடு அவற்றையும் மருந்தாகவே எண்ணிவிடும். வெற்றுப் பிளாஸ்மாவில் மருந்து சேர்த்துச் செய்யும் சோதனையில் இது தெரியவே தெரியாது. அங்கே பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும், ஃப்ளூரசன்ஸ் டிடெக்டர் வைத்த எச்பிஎல்சிக்குப் போய்விடுங்கள்.

பார்மா_மாணவி:
உலர்த்தி அமிலத்தில் கரைத்து, பிளாஸ்மா ஸ்டாண்டர்டுகளோடு ஓட்டினேன். எல்லாச் செறிவும் உண்மை மதிப்பிலிருந்து 15 சதவீத வரம்புக்குள் வந்துவிட்டன. நோயாளி சாம்பிள்களுக்கு எச்பிஎல்சி நேரம் கேட்டிருக்கிறேன்.