விண்ணப்பத்தை அனுப்பிய பிறகுதான் பிழைகள் தெரிகின்றன, என்ன செய்வது?

நேற்று ராத்திரி, பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப் தளத்தில் முதல் கல்லூரிக்கு அனுப்பிவிட்டேன். அதற்கு முன் ஏழெட்டு முறை படித்தேன், அம்மாவும் படித்தார். காலையில் பிடிஎஃப்பைத் திறந்து பார்த்தால் கட்டுரையின் மூன்றாவது பத்தியில் ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு முறை விழுந்திருக்கிறது. செயல்பாடுகள் பகுதியில் 150 எழுத்துக்குள் அடக்குவதற்காக வெட்டி வெட்டி எழுதியதில் ஒரு வாக்கியம் வினைச்சொல்லே இல்லாமல் நிற்கிறது. போதாததற்குப் பிறந்த தேதியில் மாதமும் நாளும் இடம் மாறியிருக்கின்றன. சாப்பாடே இறங்கவில்லை. இதை வைத்து ஒதுக்கிவிடுவார்களா?

பதில் 1:
முதல் இரண்டையும் விட்டுவிடுங்கள். 650 சொல் கட்டுரையில் ஒரு சொல் இரட்டித்ததால் யாரும் உங்களை ஒதுக்கப்போவதில்லை, படிப்பவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும். பிறந்த தேதி அப்படியில்லை, அதை இன்றைக்கே சரிசெய்யுங்கள். அமெரிக்க வழக்கத்தில் மாதம் முன்னால் வரும், நிறைய பேர் அங்கேதான் இடறுகிறார்கள். பள்ளியிலிருந்து தனியாக வரும் மதிப்பெண் பட்டியலையும் தேர்வு மதிப்பெண்ணையும் பெயர், பிறந்த தேதியை வைத்துத்தான் உங்கள் கோப்போடு சேர்ப்பார்கள். அது பொருந்தாவிட்டால் எல்லாம் வந்திருந்தும் 'வரவில்லை' என்று காட்டக்கூடும்.

பதில் 2:
அனுப்பியதைத் திரும்ப எடுத்துத் திருத்த முடியாது. ஆனால் மற்ற கல்லூரிகளுக்கு இன்னும் அனுப்பவில்லை என்றால் அதே படிவத்தில் மூன்றையும் திருத்திவிட்டு அனுப்பலாம். அனுப்பிய கல்லூரிக்கு, அவர்களின் போர்ட்டலில் (விண்ணப்பத்தின் நிலையைப் பார்க்கும் இணையப் பக்கம்) திருத்தம் கேட்க வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரே ஒரு மின்னஞ்சல், நாலு வரி போதும்: முழுப்பெயர், காமன் ஆப் எண், தவறாகப் போன தேதி, சரியான தேதி. மன்னிப்புக் கேட்டுப் பத்தி பத்தியாக எழுத வேண்டாம், கட்டுரைப் பிழையையும் அதில் சேர்க்க வேண்டாம்.

பதில் 3:
என் மகளும் போன வருஷம் இப்படித்தான் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள், கட்டுரையில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனதற்கு. அந்தக் கல்லூரியிலேயே இடம் கிடைத்தது. முதலில் சாப்பிடும்மா. அப்புறம் அடுத்த விண்ணப்பத்தைத் தாளில் அச்செடுத்து, வாய்விட்டுப் படித்துப் பார். திரையில் ஏமாற்றுகிற இரட்டைச் சொல் வாயில் மாட்டிக்கொள்ளும்.

கேட்டவர்:
மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன், நாலே வரிதான். மற்ற ஐந்து கல்லூரிகளுக்கான படிவத்தில் தேதியை மாற்றிவிட்டேன், கட்டுரையை இப்போது அச்செடுக்கப் போகிறேன். எல்லோருக்கும் நன்றி. ஆன்ட்டி, சாப்பிட்டுவிட்டேன்.