ஆரியா ஆஃப் சாரோ: மூன்று சோலும் கையில் இருக்கிறது, ஆனாலும் கிரஹாமோடு கதை முடிந்துவிடுகிறது. உதவி தேவை

வெள்ளிக்கிழமை_ஆட்டக்காரன்

வணக்கம். கேஸில்வேனியா வீடியோ கேம் வரிசையில் ஆரியா ஆஃப் சாரோ ஆடிக்கொண்டிருக்கிறேன். நின்டெண்டோ ஸ்விட்ச்சில், 2021இல் வந்த பழைய ஆட்டங்களின் தொகுப்பான அட்வான்ஸ் கலெக்‌ஷனில் இருப்பது. கடைசியில் வரும் பெரிய எதிரி கிரஹாமை இதுவரை மூன்று தடவை வீழ்த்திவிட்டேன். ஒவ்வொரு தடவையும் சட்டென்று கதை முடிந்து பெயர்ப் பட்டியல் ஓடுகிறது. இதற்குப் பிறகும் ஒரு பகுதி இருக்கிறது, அதற்கு ஃப்ளேம் டீமன், ஜயன்ட் பேட், சக்குபஸ் என்ற மூன்று சோல் (எதிரியைக் கொன்றால் சில சமயம் கிடைக்கும் அதன் ஆன்மா) வேண்டும் என்று நண்பன் சொன்னான். மூன்றும் என்னிடம் இருக்கிறது. சக்குபஸுக்காக மட்டும் இரண்டு ராத்திரி போனது. அப்படியும் அதே முடிவுதான். முதலிலிருந்து ஆட வேண்டுமா? அதைக் கேட்கவே பயமாக இருக்கிறது.

மிக்சர்_பொட்டலம்

ஒவ்வொரு சோலிலும் 9 சேர்த்தால்தான் முழு பலம் வரும். ஒன்றே ஒன்று வைத்திருந்தால் அப்படித்தான் ஆகும். போய் அடித்துச் சேருங்கள்.

பழைய_கார்ட்ரிட்ஜ்

மிக்சர் தம்பி, அது அடுத்த ஆட்டம். 2005இல் நின்டெண்டோ டிஎஸ்ஸில் வந்த டான் ஆஃப் சாரோவில்தான் ஒரே சோல் எத்தனை இருக்கிறதோ அந்த அளவுக்கு பலம் ஏறும். சோலை யோகோ என்ற பாத்திரத்திடம் கொடுத்து ஆயுதத்தோடு சேர்ப்பதும் அதில்தான். அப்படிச் சேர்த்தால் சோல் போய்விடும், ஆயுதம்தான் மிஞ்சும். ஆரியாவில் இரண்டாவது சோல் கிடைத்தாலும் பலம் கூடாது. 2003இல் கேம்பாய் அட்வான்ஸில் ஆடியவர்களுக்கு அந்த உபரி ஒரு விதத்தில் உதவியது: இரண்டு கருவியைக் கேபிளால் இணைத்து நண்பனோடு பண்டமாற்று செய்துகொள்ளலாம். என் தெருவில் கேபிள் வைத்திருந்தவன் ஒருவன்தான், அவன் வைத்ததுதான் விலை.

வெள்ளிக்கிழமை தம்பி, முதலிலிருந்து ஆட வேண்டாம், கவலைப்படாதே. ஒன்று மட்டும் சொல்: கிரஹாம் விழும் அந்த நேரத்தில் உன் சிவப்பு சோல் இடத்தில் என்ன, நீலத்தில் என்ன, மஞ்சளில் என்ன? எது எது கிடைத்திருக்கிறது என்று கேட்கவில்லை. எது எது மாட்டியிருந்தது என்று கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை_ஆட்டக்காரன்

இப்போதுதான் மெனுவைத் திறந்து பார்த்தேன் அண்ணே. சிவப்பில் ஃப்ளேம் டீமன், மஞ்சளில் சக்குபஸ், நீலத்தில் பிளாக் பேந்தர். ஜயன்ட் பேட் பட்டியலில் இருக்கிறது, மாட்டவில்லை. வவ்வாலாக மாறினால் மேஜிக் கரைந்துகொண்டே போகிறது, பெரிய எதிரியோடு சண்டை போடும்போது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பேந்தர் போட்டால் பாய்ந்து தப்பிக்கலாம். பட்டியலில் இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

பழைய_கார்ட்ரிட்ஜ்

அங்கேதான் கோட்டை விட்டாய்.

இந்த ஆட்டத்தில் பேயும் பிசாசும் வாள், கவசம் மாதிரி. பெட்டிக்குள் கிடக்கிற சட்டை குளிருக்கு உதவுமா? சிவப்பு எறிவதற்கு: மேலே அழுத்தி அடித்தால் பாயும். நீலம் ஆர் பட்டனுக்கு. மஞ்சள் மாட்டியிருக்கும்வரை தானாக வேலை செய்யும். சாம்பல் நிறம் இரட்டைத் தாவல் மாதிரியான திறமைகள், அதற்கு மாட்டுகிற வேலையே இல்லை. ஆக உனக்கு இருப்பது மூன்றே மூன்று இடம், நிறத்துக்கு ஒன்று. நீ கேட்ட மூன்று சோலும் ஆளுக்கொரு நிறம் என்பதைக் கவனித்தாயா? தற்செயல் இல்லை அது.

(இதற்குக் கீழே கதை உடையும். தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த பதிலுக்குப் போய்விடுங்கள்.)

டிராகுலா என்றதும் என்ன நினைவுக்கு வரும்? நெருப்பு உருண்டை வீசுவான், வவ்வாலாக மாறுவான், இரத்தம் குடிப்பான். ஃப்ளேம் டீமன் நெருப்பு, ஜயன்ட் பேட் வவ்வால், சக்குபஸ் அடிக்கிற அடியில் உயிரை உறிஞ்சும். மூன்றையும் சேர்த்து மாட்டினால் நீ ஆடுகிற நாயகன் சோமா டிராகுலாவின் உடுப்பைப் போட்டுக்கொண்ட மாதிரி. கதைப்படி டிராகுலா 1999இல் அழிந்தான், அதே 1999இல் பிறந்ததால் தான்தான் அவன் என்று கிரஹாம் நம்புகிறான். ஆனால் உண்மையான மறுபிறவி சோமா. அந்த உடுப்போடு கிரஹாமை வீழ்த்தினால்தான் சோமாவுக்கு அது உறைக்கும், அடுத்த பகுதிக்கான கதவும் திறக்கும். உன் பையில் பழைய புத்தகங்கள் மூன்று இருக்க வேண்டும், துப்பு அவற்றில்தான். யாரும் படிப்பதில்லை, நானும் படிக்கவில்லை. கேபிள்காரன்தான் சொன்னான், அதற்கும் ஒரு சோல் வாங்கிக்கொண்டு.

செய்ய வேண்டியது: கிரஹாமுக்கு முந்தைய சேவ் எடு. அவன் அறைக்குள் நுழையும் முன்பே மூன்றையும் மாட்டு. இரண்டு உருவமும் விழுந்து காட்சி தொடங்கும்வரை எதையும் கழற்றாதே. வவ்வாலாக மாறத் தேவையே இல்லை, அது நீல இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். பேந்தர் இல்லாமல் தப்பிப்பது கொஞ்சம் சிரமம்தான், அதனால் போகும் முன் கடைக்காரன் ஹேமரிடம் உயிர் ஏற்றும் போஷன் வாங்கிக்கொள். சக்குபஸும் அடிக்கு அடி கொஞ்சம் உயிர் தரும்.

மழைக்கால_மீனு

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு சக்குபஸே விழ மாட்டேன் என்கிறது. ஒரு மணி நேரமாக அதே அறைக்குள் போய் வந்துகொண்டிருக்கிறேன். கொன்றால் காசு விழுகிறது, சோல் இல்லை.

பழைய_கார்ட்ரிட்ஜ்

மீனு, பாதை சரிதான்: கொல், அறையை விட்டு வெளியே வா, திரும்பப் போ. லக் எண்ணை ஏற்றும் கருவி எது இருந்தாலும் அந்த நேரம் மட்டும் அதைப் போட்டுக்கொள், பாதுகாப்பு குறைந்தால் குறையட்டும். ஹேமரிடம் சோல் ஈட்டர் ரிங் என்று ஒன்று உண்டு, சோல் விழும் வாய்ப்பைக் கூட்டும். விலை ஆட்டத்துக் காசில் 300,000. இந்த ஒரு பேய்க்காக அதை வாங்குவது வீண் என்பேன். எல்லா சோலும் சேர்த்து, அதற்குப் பரிசாகக் கிடைக்கும் கேயாஸ் ரிங் வரை போகிற எண்ணம் இருந்தால் வாங்கு.

மிக்சர்_பொட்டலம்

மன்னிக்கணும், டான் ஆஃப் சாரோவோடு குழப்பிக்கொண்டேன். மீனு, கலெக்‌ஷனில் ஆடுகிறீர்கள் என்றால் அமைப்பில் கேட்ஜெட் என்பதைப் போட்டு வையுங்கள். இன்னும் சோல் கிடைக்காத எதிரி எதிரே வந்தால் திரையிலேயே காட்டிக்கொடுக்கும். வழியில் தப்பிப்போனவற்றையும் பிடித்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை_ஆட்டக்காரன்

வந்துவிட்டது அண்ணே!! இரண்டு தடவை செத்தேன். முதல் தடவை பழக்கதோஷத்தில் பாய்ந்து தப்பிக்கப் பார்த்து, பேந்தர் இல்லாததால் வவ்வாலாக மாறி நேரே அவன் மேலேயே போய் மோதினேன். அடுத்த தடவை போஷன் தீர்ந்துபோனது. மூன்றாவதில் கிரஹாம் விழுந்ததும் பெயர்ப் பட்டியல் வரவில்லை, பேச்சு தொடர்ந்தது. கையில் இருந்த டீயை மறந்தே போனேன்.

இப்போது சேவ் பண்ணிவிட்டேன். இனிமேல் அந்த மூன்றையும் கழற்றலாமா? பேந்தர் இல்லாமல் கை நடுங்குகிறது.

பழைய_கார்ட்ரிட்ஜ்

தாராளமாகக் கழற்று, அதன் வேலை முடிந்தது. பேந்தரைப் போட்டுக்கொண்டே போ. வழியில் ஜூலியஸ் பெல்மாண்ட் சண்டைக்கு நிற்பார், அவரிடம் தேவைப்படும்.