வேலை நாளில் விழித்திருப்பது எப்படி?

கேள்வி:
ஞாயிறு ஆராதனையில் இருக்கிற விழிப்பு திங்கட்கிழமை வேலைக்குள் போனதும் காணாமல் போகிறது. 'விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்' (மத்தேயு 26:41) என்பதை நாள் முழுக்க உழைக்கிறவர் எப்படிக் கடைப்பிடிப்பது?

பதில் 1:
அது இயேசு பிடிபட்ட இரவில் கெத்செமனே தோட்டத்தில் அசந்து தூங்கிய சீஷர்களுக்குச் சொன்னது, அதுவும் மாம்சம் பலவீனமுள்ளது என்று அவர்கள் நிலைமை தெரிந்தே இயேசு சொன்னார். மத்தேயு 25-இல் வரும் உவமையில் விளக்கோடு மணவாளனுக்குக் காத்திருந்த பத்துக் கன்னிகைகளுமே தூங்கிவிட்டார்கள், புத்தியுள்ள ஐந்து பேர் உட்பட. வித்தியாசம், விளக்குக்கு எண்ணெய் கொண்டுவந்தார்களா என்பதில்தான். களைப்பை நினைத்துக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

பதில் 2:
தானியேலைப் பாருங்கள். ராஜ்யத்தின் மூன்று பிரதானிகளில் ஒருவர், வேலைக்கா பஞ்சம்? ஆனாலும் தினம் மூன்று வேளை ஜெபம் (தானியேல் 6:10). நேரத்தைக் குறித்து வையுங்கள்.

பதில் 3:
நேரம் வைப்பது சரி, ஆனால் சோதனை ஜெப நேரம் பார்த்தா வருகிறது? செலவுக் கணக்கில் கொஞ்சம் கூட்டி எழுதும்போது, இல்லாதவரைப் பற்றிப் பேச்சு ருசிக்கும்போது, அப்புறம் இரவில் தனியாகப் போனோடு இருக்கும்போது வருகிறது. உங்களுக்கு வழக்கமாகச் சறுக்குகிற இடம் எது என்று தெரிந்துகொண்டு, அதற்குள் போகுமுன் ஒரு வரி ஜெபியுங்கள். லூக்கா 16:10 சொல்கிற 'கொஞ்சத்தில் உண்மை' இதுதான்.

கேள்வி கேட்டவர்:
எனக்கு அந்தப் பேச்சுதான், மதிய இடைவேளையில். நாளை முயன்று பார்க்கிறேன்.