புதுப்பிப்பு: வெண்புள்ளி ஒட்டுண்ணியும் மீனில்லாத தொட்டியும்

புதிய உப்புநீர்த் தொட்டியில் இரண்டு கோமாளி மீன்களின் துடுப்புகளில் உப்புத் தூவியதுபோல் புள்ளிகள் தெரிவதாக முன்பு எழுதியிருந்தேன். அது கிரிப்டோகேரியான் என்னும் ஒட்டுண்ணிதான். ஒரு வாரத்தில் புள்ளிகள் மறைந்ததும் நோய் தீர்ந்ததென நம்பியது என் தவறு: தோலுக்கடியில் தின்று பருத்த ஒட்டுண்ணி உதிர்ந்து, மணலிலும் பாறையிலும் கூடுகட்டிப் பெருகி, அடுத்த முறை செவுள்களையும் தாக்கியது.

இப்போது மீன்கள் மணலில்லாத தனித்தொட்டியில் தாமிர மருந்தில் இருக்கின்றன; அளவு குறைந்தால் பயனில்லை, கூடினால் மீனுக்கே நஞ்சு என்பதால் நாள்தோறும் சோதனைக் குப்பியில் நிறம் பார்க்கிறேன். பெரிய தொட்டியிலுள்ள இறாலும் பவளமும் தாமிரத்தைத் தாங்கா என்பதால், தொற்ற மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி அழியட்டும் என்று அதை மருந்தின்றி, மீனின்றி 76 நாள் விட்டுவைக்கிறேன். இன்று 31ஆம் நாள். (வெறும் தண்ணீருக்கா இத்தனை மின்சாரம் என்று வீட்டில் கேட்கிறார்கள்.) நேற்று மாலை மீன்களில் பெரியது இறால் துணுக்கைக் கையிலிருந்தே பறித்துத் தின்றது.