சின்னக் காயத் தையலுக்கு மரப்பு ஊசி: வெறும் லிக்னோகெயினா, அட்ரினலின் சேர்த்ததா, பியூபிவக்கெயினா?

ஹவுஸ்சர்ஜன்: கேஷுவாலிட்டி போஸ்டிங். பைக்கில் விழுந்து நெற்றி பிளந்தவர், அரிவாள்மனையில் விரலை அறுத்துக்கொண்டவர், யார் வந்தாலும் ட்ரேயில் இருக்கும் 2% லிக்னோகெயினைத்தான் எடுக்கிறோம். அட்ரினலின் (ரத்தக்குழாயைச் சுருக்குவது) கலந்த லிக்னோகெயின் குப்பி, இன்னொரு மரப்பு மருந்தான பியூபிவக்கெயின் எல்லாம் அலமாரியில் இருக்கிறது. எதை எப்போது எடுக்கணும்? குழந்தைகளுக்கு?

சர்ஜரிக்காரர்: தம்பி, நாலைந்து தையலுக்கு லிக்னோகெயினே போதும், ரெண்டு மூணு நிமிஷத்தில் மரத்துவிடும், ஒரு மணி நேரம்வரை நிற்கும். பியூபிவக்கெயின் பிடிக்க ஐந்து பத்து நிமிஷம் ஆகும், ஆனால் நாலு மணி நேரத்துக்கு மேல் வலி தெரியாது. அதிகமானாலோ ரத்தக்குழாயில் போனாலோ இதயத்தைப் பாதிக்கும், அதனால் சின்னக் காயத்துக்கு நான் அதை எடுப்பதே இல்லை. தலையிலும் முகத்திலும் ரத்தம் கொட்டினால் அட்ரினலின் கலந்தது நல்லது, குத்திவிட்டுச் சில நிமிஷம் பொறுக்கணும். வெறும் லிக்னோகெயின் கிலோவுக்கு 4.5 மி.கி.யைத் தாண்டக் கூடாது, 3 மி.கி.யிலேயே நிறுத்துபவர்களும் உண்டு. 2% என்றால் ஒரு மில்லியில் 20 மி.கி. 12 கிலோ குழந்தைக்கு 4.5 கணக்கிலேயே 54 மி.கி., அதாவது 2.7 மில்லிதான்! சலைன் சேர்த்து 1% ஆக்கிக்கொள், காயம் முழுக்கப் போடக் கூடுதல் மில்லி கிடைக்கும், மரப்பும் குறையாது.

தையல்ரூம்_சிஸ்டர்: மருந்து எதுவானாலும் போடுகிற விதத்தில்தான் பாதி வலி. மெல்லிய ஊசி (27 அல்லது 30 கேஜ்), காயத்தைச் சுற்றியுள்ள நல்ல தோலில் குத்தாமல் பிளந்த ஓரத்தின் உள்பக்கமாக, மெதுவாக. லிக்னோகெயின் அமிலத்தன்மை உள்ளது, அதான் அந்த எரிச்சல். 9 மில்லி 1% லிக்னோகெயினுக்கு 1 மில்லி 8.4% சோடியம் பைகார்பனேட் கலந்தால் நன்றாகக் குறையும், கலந்ததும் போட்டுவிடணும். பியூபிவக்கெயினில் கலக்காதீங்க டாக்டர், திரிந்துபோகும்.

ஹவுஸ்சர்ஜன்: நன்றி சிஸ்டர். எம்லா (மரப்பு) க்ரீம் தடவிவிட்டு ஊசி போடலாமா?

தையல்ரூம்_சிஸ்டர்: அது பிளக்காத நல்ல தோலுக்கு. திறந்த காயத்துக்கு லிக்னோகெயின், அட்ரினலின், டெட்ராகெயின் மூணும் சேர்ந்த ஜெல் இருக்கிறது, இருபது முப்பது நிமிஷம் வைத்தால் தோல் வெளுக்கும், குழந்தை ஊசியே இல்லாமல் தப்பிக்கும். எங்களுக்கு அது வருவதில்லை.

எலும்புடாக்டர்: விரலுக்கு அட்ரினலின் கூடவே கூடாது என்று படித்திருப்போம். நல்ல ரத்த ஓட்டம் உள்ளவர்களுக்குக் குறைந்த செறிவில் பிரச்சினை இல்லை என்று இப்போது கை சர்ஜன்கள் தாராளமாகப் போடுகிறார்கள். ஆனாலும் ராத்திரி டியூட்டியில் தனியாக நிற்கும் ஹவுஸ்சர்ஜனுக்கு அந்த வீரம் வேண்டாம். விரலின் அடியில் இரண்டு பக்கமும் வெறும் லிக்னோகெயின், பிஸ்டனை இழுத்து ரத்தம் வரவில்லை என்று பார்த்துவிட்டு. அப்புறம், மரப்பு ஊசிக்கு முன்னாடியே விரல்நுனியில் உணர்வு இருக்கிறதா, மடக்கி நீட்ட வருகிறதா பார்த்து எழுதிவிடு. நரம்பு அறுந்திருந்தால் போட்டபிறகு கண்டுபிடிக்க முடியாது.