வண்ணத்துப்பூச்சி எட்சிங் வாங்கியவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

தங்கச்சிமடத்தான்

நம்மில் பாதிப் பேரிடம் இருக்கிற அதே சிவப்புடல் அழகி வண்ணத்துப்பூச்சியின் எட்சிங்தான் (அமிலத்தில் அரித்த தகட்டில் மை பூசித் தாளில் அழுத்தி எடுக்கிற படம்), அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். மொத்தம் 25 பிரதி, என்னுடையது ஒன்பதாம் நம்பர். சென்னைப் பக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் ஒரு கண்காட்சியில் வாங்கினேன். ஆறு மாதம் பீரோ மேல் சுருளாகவே கிடந்தது (சரி, திட்டாதீர்கள்). போன மாதம் ராமநாதபுரத்தில் ஒரு கடையில் ஃபிரேம் போடக் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். உச்சிப்புளி வரும்போது சுற்றியிருந்த பேப்பரை லேசாகப் பிரித்துப் பார்த்தால், படத்துக்குக் கீழே வெள்ளையே இல்லை. தகடு அழுந்திய தடத்தை ஒட்டி நான்கு பக்கமும் நறுக்கியிருந்தார்கள். அங்கேயே இறங்கி எதிர்ப் பஸ் பிடித்துத் திரும்பினேன். கடைக்காரர் பதறவே இல்லை. “அடியில பென்சில்ல யாரோ கணக்குப் போட்டிருந்தாங்க சார், அசிங்கமா இருந்துச்சு, எடுத்துட்டேன்.”

அந்தக் கணக்குதான் 9/25. பக்கத்தில் இருந்த கிறுக்கல் ஓவியரின் கையெழுத்து. குப்பையை அன்று காலையிலேயே கொளுத்திவிட்டார்களாம். கூலியில் 50 ரூபாய் குறைத்துக்கொண்டார். அந்த ஐம்பது ரூபாயை நான் வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன் பாருங்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பாம்பன் வாடை

என்னிடமும் அதே படம். இடது பின்னிறகில் வால் பக்கம் ஒரு கிழிசல் இருக்கிறது இல்லையா? தகட்டில் ஏதோ பிசகு என்று நினைத்து விற்றவருக்கே திருப்பி அனுப்பினேன். முகம் சுளிக்காமல் வேறு பிரதி அனுப்பினார். அதிலும் அதே இடத்தில் அதே கிழிசல். போன் போட்டு, டேமேஜ் சரக்கைத் தலையில் கட்டுகிறீர்களா என்று கத்திவிட்டேன். ஒரே தகட்டில் எடுத்தால் எல்லாவற்றிலும் அப்படித்தான் வரும் என்றுகூட அப்போது தெரியாது.

மழை ஓய்ந்த ஒரு காலையில் தனுஷ்கோடி போயிருந்தேன். இடிந்த தேவாலயத்தைத் தாண்டி, மணலுக்கு இரண்டடி மேலே, வண்ணத்துப்பூச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. எதிர்க்காற்று. ஒன்று மட்டும் முடியாமல் வலைக் குவியலில் உட்கார்ந்தது. கிட்டே குனிந்தேன். குங்குமத்தில் முக்கிய மாதிரி உடம்பு, பின்னிறகின் ஓரம் கிழிந்து தொங்குகிறது. நம் படத்தில் இருப்பது கறுப்பு மை மட்டும்தான், ஆனாலும் அது இதுதான். ஓவியர் பார்த்ததைத்தான் கீறியிருக்கிறார்.

விற்றவர் நம்பர் இன்னும் போனில் இருக்கிறது. கூப்பிடவில்லை.

கீழக்கரை காக்கா

எனக்கு நடந்தது இரண்டு வரி. துபாயிலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்த எட்சிங், மூன்றே மழைக்காலத்தில் காப்பித்தூள் தூவினாற்போல் ஆகிவிட்டது.

தங்கச்சிமடம் தம்பி, நீங்கள் அழுவது பாதி தப்பு. ஒன்பது என்பதால் ஒன்பதாவதாக அச்சானது என்று அர்த்தமில்லை, நம்பரை மொத்தமாக உட்கார்ந்து போடுவதும் உண்டு. ஊசியால் நேரே கீறுகிற டிரைபாயின்ட் என்றால் முதல் சில பிரதிக்கு மவுசு, கீறலின் பிசிறு அழுந்தி அழுந்தித் தேய்ந்துவிடும். அமிலத்தில் அரித்த தகடு 25 பிரதிக்கெல்லாம் அசராது. நம்பர் போனது நஷ்டம்தான், ஆனால் அதைவிடப் பெரிய நஷ்டம் ஓரம் போனது. மை வழித்துத் துடைப்பது கை வேலை, அதனால் இரண்டு பிரதி அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. அந்த அழகு தெரிய ஓரத்து வெள்ளை வேண்டும்.

அப்புறம் முக்கியமாக, நம் கடற்கரைக் காற்றில் உப்பும் ஈரமும். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். பின்னால் சாதா அட்டை வைத்தால் அதன் அமிலமே தாளைப் பழுப்பாக்கும், அமிலமில்லாத அட்டை கேட்டு வாங்குங்கள். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது, நடுவே மவுன்ட் (படத்தைச் சுற்றி வைக்கிற அட்டைச் சட்டம்) வேண்டும். செலோடேப் அறவே கூடாது. தாளைத் தின்னும் ராமபாணப் பூச்சி வேறு, ராமநாதபுரத்துக்காரனைக் கேட்கவா வேண்டும்.

மண்டபத்துக்காரி

காக்கா, தம்பி கேட்டது ஆறுதல், நீங்கள் நடத்தியது வகுப்பு.

என் கதை வேறு. 2012இல் லண்டனில் படித்தபோது ஆங்கிலேய ஓவியர் டேமியன் ஹர்ஸ்ட் கண்காட்சிக்கு டேட் மாடர்ன் கலைக்கூடத்துக்குப் போனேன். 1991இல் அவர் செய்ததை மறுபடி வைத்திருந்தார்கள், ஒரு அறை முழுக்க உயிருள்ள வண்ணத்துப்பூச்சிகள். ஒன்று என் துப்பட்டாவில் உட்கார்ந்து நகரவே இல்லை. தரையில் ஒன்று செத்துக் கிடந்தது, எல்லோரும் அதைச் சுற்றி நடந்தார்கள். அன்றிலிருந்து தகட்டில் கீறியதை மட்டும்தான் வாங்குகிறேன்.

தங்கச்சிமடத்தான்

காக்கா, நான் மாட்டியிருப்பது கடல் பக்கத்துச் சுவர். இப்போதுதான் எழுந்துபோய்ப் பார்த்தேன், பின்னட்டை கல்யாணப் பத்திரிகை அட்டை. மணமகன் பெயர்கூடத் தெரிகிறது.